ஒரே கார், ஊருக்கொரு விலை

மலேசியாவின் ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். அந்தக் கரையில், 2023 ஜூனில் பெரோடுவா நிறுவனம் ஆக்ஸியா காரின் அடிப்படை மாடலை 22,000 ரிங்கிட் விலைக்குக் கொண்டுவந்தது. இந்தக் கரையில், அதே ஆண்டு அக்டோபரில், ஒரு சிறிய காரைப் பதிவு செய்வதற்கான சான்றிதழ் மட்டும் 1,06,000 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்குப் போனது. காரின் விலை அதில் ஒரு காசுகூடச் சேரவில்லை. அன்றைய மாற்று விகிதப்படி, அந்தச் சான்றிதழுக்குக் கொடுத்த பணத்தில் ஜோகூரில் பதினைந்து ஆக்ஸியாக்களுக்கு மேல் வாங்கியிருக்கலாம்.

கார் விலை நாட்டுக்கு நாடு மாறுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் கூலி, போக்குவரத்துச் செலவு, டாலர் மதிப்பு ஆகியவை. அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் தொழிற்சாலை வாசலில் ஒரு காருக்கு ஆகும் செலவு, நாட்டுக்கு நாடு மூன்று மடங்கு நான்கு மடங்கு என்று மாறுவதில்லை. வாடிக்கையாளர் கொடுக்கும் விலைதான் அப்படி மாறுகிறது. இடையில் நிற்பது பெரும்பாலும் அரசு. எந்த அரசும் தன்னிடம் எது குறைவாக இருக்கிறதோ அதைக் காக்கத்தான் காரின் மேல் கை வைக்கிறது. சிங்கப்பூருக்கு இடம் குறைவு. இலங்கைக்கு டாலர் குறைவு. இந்தியாவுக்கு ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் குறைவு. விலைச்சீட்டை வரி வரியாகப் படித்தால் அந்தக் குறை தெரிந்துவிடும்.

சிங்கப்பூரின் விலைச்சீட்டையே எடுத்துக்கொள்வோம். இறக்குமதியாகும்போது சுங்கத் துறை மதிப்பிடும் விலைக்குப் பொதுச் சந்தை மதிப்பு என்று பெயர். அது 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 20 விழுக்காடு தீர்வை, அதாவது 4,000 வெள்ளி. இரண்டும் சேர்ந்த 24,000 வெள்ளிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 2,160 வெள்ளி. பிறகு கூடுதல் பதிவுக் கட்டணம். முதல் 20,000 வெள்ளி மதிப்புக்கு இது 100 விழுக்காடு என்பதால் இன்னொரு 20,000. மதிப்பு ஏற ஏற இந்த விகிதமும் ஏறும். 80,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு 320 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 350. எல்லாம் முடிந்தபின் வருவது வாகன உரிமைச் சான்றிதழ், மக்கள் பேச்சில் சிஓஇ. அதை ஒரு லட்சம் என்று வைத்தால் மொத்தம் 1,46,510 வெள்ளி. விற்பனையாளரின் லாபமும் செலவும் இன்னும் சேரவில்லை. இருபதாயிரம் வெள்ளிப் பொருளுக்கு இதுதான் கணக்கு.

1990 மே மாதத்தில் தொடங்கிய சிஓஇ முறையில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் பத்தாண்டு ஆயுள். மாதத்துக்கு இரண்டு முறை ஏலம். எத்தனை சான்றிதழ்கள் ஏலத்துக்கு வரும் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் முடிவு செய்கிறது. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் வளர்ச்சி விகிதம் பூஜ்யம். அதனால் ஒரு புதிய கார் சாலைக்கு வர வேண்டுமென்றால், பொதுவாக ஒரு பழைய கார் விலக வேண்டும். ஏலத்தில் வென்ற எல்லாருக்கும் ஒரே விலைதான். தோற்றவர்களில் அதிகம் கேட்டவரின் தொகையோடு ஒரு வெள்ளியைக் கூட்டினால் அந்த விலை கிடைக்கும்.

இந்தக் கடைசி விதியின் முழு அர்த்தமும் 2008 நவம்பரில் தெரிந்தது. உலக நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்தது. கார் வாங்க ஆளில்லை. சிறிய கார்களுக்கான பிரிவில் சிஓஇ விலை 2 வெள்ளிக்கு இறங்கியது. இரண்டே வெள்ளி! பதினைந்து ஆண்டுகளில் அதே காகிதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2025இல் அந்த உச்சத்தையும் கடந்தது. இதற்கிடையில் சாலைகள் சுருங்கிவிடவில்லை, கார்களும் தங்கமாகிவிடவில்லை. எண்ணிக்கையை அரசு இறுக்கிப் பிடித்திருக்க, வாங்கும் கைகள் வலுத்தன. அவ்வளவுதான் நடந்தது.

அறுபது லட்சம் பேர் வாழும் தீவில், நிலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைகளுக்குப் போய்விட்டது. எல்லாரும் கார் வாங்கினால் என்ன ஆகும் என்று சிங்கப்பூர் கேட்டதைக் குறை சொல்ல முடியாது. அதோடு, கார் இல்லாதவரை அந்த நகரம் நடுத்தெருவில் விட்டுவிடவில்லை. எம்ஆர்டி ரயிலும் பேருந்தும் ஏறக்குறைய எல்லாக் குடியிருப்புகளையும் தொடுகின்றன. இதனால்தான் சிங்கப்பூரின் கெடுபிடி எனக்கு நியாயமாகப் படுகிறது. காரைத் தடுக்கும் அரசு, காருக்கு மாற்றான ஒன்றை முதலில் கொடுத்தாக வேண்டும்.

ஆனாலும் இந்த முறைக்குள் ஒரு கோணல் உண்டு. ஒரு லட்சம் வெள்ளிச் சான்றிதழ் மலிவான காருக்கும் அதே ஒரு லட்சம்தான். 12,000 வெள்ளி மதிப்புள்ள காரின் மேல் அதைச் சுமத்தினால் காரைப்போல் எட்டு மடங்கு. 60,000 வெள்ளிக் காரின் மேல் சுமத்தினால் இரண்டு மடங்குகூட இல்லை. சான்றிதழுக்கே இவ்வளவு கொடுத்தபின் எதற்குச் சின்னக் கார் என்றுதான் வாங்குகிறவர் யோசிப்பார். அதனால் உயர்ரக ஐரோப்பிய நிறுவனங்கள், சிறிய கார் பிரிவின் எல்லையான 1,600 சிசிக்குள் அடங்கும் டர்போ எஞ்சின்களோடு அந்தப் பிரிவுக்குள் நுழைந்தன. எளிய காரைத் தேடும் குடும்பம், பணக்காரரோடு ஒரே ஏலத்தில் போட்டியிட வேண்டியதாயிற்று. 2014 பிப்ரவரியில் அரசு எஞ்சின் சக்திக்கும் 97 கிலோவாட் என்று வரம்பு வைத்தது. நிறுவனங்கள் சளைக்கவில்லை. வரம்புக்குள் அடங்குமாறு சக்தியைக் குறைத்து, சிங்கப்பூர்ச் சந்தையை மனத்தில் வைத்தே மாடல்களைக் கொண்டுவந்தன. மின்சாரக் கார்களுக்கு வரம்பு 110 கிலோவாட். டெஸ்லா தன் மாடல் 3 காரைச் சரியாக 110 கிலோவாட்டுக்குக் கட்டுப்படுத்தி அங்கே விற்கிறது.

வரி விலையை ஏற்றுவதோடு நிற்பதில்லை, காரின் உடம்பையே மாற்றிவிடுகிறது என்பதற்கு இந்தியாவைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 2006ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. நீளம் நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்கு மிகக்கூடாது, டீசல் என்றால் 1,500. இந்த ஒரு வரையறை இந்தியச் சாலையின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. 2008இல் டாடா நிறுவனம் இண்டிகோவின் வாலைக் குறைத்து இண்டிகோ சிஎஸ் என்று விற்றது. அதே ஆண்டு வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர். 2012இல் வந்த அடுத்த டிசையரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டியிருக்கிறார்கள்! பின்பக்கம் சட்டென்று முடிந்துவிடும் அந்தக் கார்களைச் சென்னைச் சாலைகளில் நாள்தோறும் பார்க்கிறோம். அந்தப் பின்பக்கத்தை வரைந்தவர் பாதி வடிவமைப்பாளர், மீதி நிதியமைச்சகம்.

இந்தக் கோடு இன்றும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில், அந்த வரையறைக்குள் வரும் சிறிய கார்களுக்கு 18 விழுக்காடு, அதைத் தாண்டியவற்றுக்கு 40 விழுக்காடு. மின்சாரக் கார்களுக்கு 5. நீளத்தில் சில சென்டிமீட்டர் கூடினால் வரி இரு மடங்குக்கு மேல். ஜப்பானிலும் இதே கதைதான். 660 சிசி, 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம் என்ற வரம்புக்குள் வரும் கெய் வகைக் கார்களுக்கு வரிச் சலுகை உண்டு. அங்கு விற்கும் வேகன் ஆர் அந்தப் பெட்டிக்குள் பிறந்த கார்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் விசித்திரம். 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றின. பதிலடியாக அமெரிக்கா, இறக்குமதியாகும் சிறிய சரக்கு வண்டிகளுக்கு 25 விழுக்காடு வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது. 1964இல் நடைமுறைக்கு வந்த வரி ஓயவில்லை. பின்னாளில் ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின்னிருக்கைகளோடும் ஜன்னல்களோடும் பயணிகள் வண்டியாக இறக்குமதி செய்து, சுங்கத்தைத் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு வண்டியாக விற்றது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2024 மார்ச்சில் 36.5 கோடி டாலர் கொடுக்க ஃபோர்டு ஒப்புக்கொண்டதோடு முடிந்தது.

விலைகளை ஒப்பிடும்போது பலர் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் கார் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களின் அடிப்படை மாடல்களை மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். அவற்றில் ஒன்று ஃபோக்ஸ்வாகன் போலோ. ஐரோப்பாவில் பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற அதே பெயர், இந்திய அடிப்படை மாடலில் ஏர்பேக் இல்லாமல் விற்பனையில் இருந்தது. சோதனை முடிவு வந்ததும் அந்த நிறுவனம் எல்லாப் போலோக்களிலும் ஏர்பேக் பொருத்தியது. முன்னிருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக் என்பது இந்தியாவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக 2022 ஆயிற்று. இந்தியாவில் கார் மலிவு என்று பெருமைப்பட்ட அந்த ஆண்டுகளில், மலிவின் ஒரு பகுதி ஓட்டுநரின் நெஞ்சுக்கு எதிரே இருந்த வெற்றிடத்திலிருந்து வந்தது. அதை மறந்துவிட்டு அந்த விலைப் பட்டியலை என்னால் படிக்க முடியவில்லை.

எல்லாப் பழியையும் அரசின் மேல் போட்டுவிடவும் முடியாது. டென்மார்க்கில் 2015 வரை காரின் பதிவு வரி உச்சப் படிநிலையில் 180 விழுக்காடு. 25 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியைச் சேர்த்த தொகையின் மேல் இது. அப்படியானால் டென்மார்க்கில் வரிக்கு முந்தைய விலை மற்ற நாடுகளைப் போலவே இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஐரோப்பிய ஆணையம் 2011 வரை வெளியிட்டுவந்த கார் விலை அறிக்கைகளில், வரி நீங்கலான விலை மிகக் குறைவாக இருந்த நாடுகளில் டென்மார்க் அடிக்கடி இடம்பெற்றது. காரணம் எளிது. இவ்வளவு வரிக்கு மேலே வழக்கமான லாபத்தையும் வைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று நிறுவனங்களுக்குத் தெரியும். அதனால் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டன. வரி குறைந்த நாட்டு வாடிக்கையாளரிடம் அந்தக் கருணை கிடையாது. எந்தச் சந்தை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு என்பதுதான் நிறுவனங்களின் கணக்கு.

எல்லைகள் திறந்த ஐரோப்பாவில், மலிவான நாட்டுக்குப் போய் வாங்கிவந்தால் என்ன என்று மக்கள் யோசித்தார்கள். 1990களில் இத்தாலிய லிரா வீழ்ந்தபோது ஜெர்மானியர்களும் ஆஸ்திரியர்களும் இத்தாலிக்குப் போய் ஃபோக்ஸ்வாகன் வாங்க முயன்றார்கள். அவர்களுக்கு விற்கக்கூடாது என்று இத்தாலிய விற்பனையாளர்களை நிறுவனம் நெருக்கியது. ஐரோப்பிய ஆணையம் 1998இல் 10.2 கோடி எக்யூ (யூரோவுக்கு முந்தைய ஐரோப்பிய நாணய அலகு) அபராதம் விதித்தது. நீதிமன்றம் பின்னர் அதை 9 கோடியாகக் குறைத்தது. விலை வேறுபாடு தானாக நிலைத்துவிடுவதில்லை. அதைக் காவல் காக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்தியாவில் அந்தக் காவல் வேலையைச் சுங்கத் துறை செய்கிறது. முழுதாகத் தயாரித்து இறக்குமதியாகும் கார்களுக்குப் பல காலமாகக் கடும் வரி, அதிலும் 40,000 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு நூறு விழுக்காட்டுக்கும் மேல். 2025 ஜூலையில் டெஸ்லா மும்பையில் கடை திறந்தபோது ஷாங்காயிலிருந்து வந்த மாடல் ஒய் காரின் தொடக்க விலை 59.89 லட்சம் ரூபாய். அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 44,990 டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 39 லட்சம். இந்தச் சுவர் இல்லாவிட்டால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்திருக்குமா என்ற கேள்விக்கு, வந்திருக்காது என்றே நினைக்கிறேன். 1996இல் கால் வைத்து 1998இல் சான்ட்ரோவை வெளியிட்ட அந்த ஆலையைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகளும், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான குடும்பங்களும் வளர்ந்தன. உயர்ந்த விலையை நுகர்வோர் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் வேலையைப் பெற்றது. சுவர் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை என்பதும் இப்போது தெரிகிறது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் பிரிட்டிஷ் கார்களுக்கான வரி படிப்படியாக 10 விழுக்காடு வரை இறங்கும்.

ஒரே நாட்டுக்குள்ளும் விலை மாறும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஐந்து லட்சம் முதல் பத்து லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 விழுக்காடு, 20 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 20 விழுக்காடு. புதுச்சேரியில் வரி குறைவு. சொகுசுக் கார் வாங்கிய வெளிமாநிலத்தார் சிலர் புதுச்சேரியில் ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்ததும், 2017இல் அது கேரளத்தில் வழக்குகளாக வெடித்ததும் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

இலங்கைக்கு வருவோம். என் மனத்தை அதிகம் உறுத்துவது அந்த நாட்டுக் கணக்குதான்.

அங்கே வாகனம் என்றால் இறக்குமதி. பெரும்பாலும் ஜப்பானில் சில காலம் ஓடிவிட்டு வரும் கார்கள். ஒவ்வொன்றும் டாலர் கேட்கும். டாலர் குறையும்போதெல்லாம் அரசு முதலில் சாத்தும் கதவு இது. 1970களில் இறக்குமதியை இறுக்கியபோது மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஓடின. யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் அதே கார்கள், கொஞ்சம் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடின. புதிய கார் வராத ஊரில் பழைய கார் சாகவும் அனுமதிக்கப்படுவதில்லை.

2020 மார்ச்சில் கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. கையிருப்பில் இருந்த டாலரை எரிபொருளுக்கும் மருந்துக்கும் காக்க வேண்டிய நிலை. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பிப்ரவரி 1ஆம் தேதி. நடுவே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். பாவித்த கார்கள், வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றன. ஓட்டி ஓட்டித் தேய்ந்த பொருள் வங்கி வைப்பைவிட நல்ல முதலீடாக மாறியது. காரை வைத்திருந்தவர் எதுவும் செய்யாமலே செல்வந்தரானார். வாங்கக் காத்திருந்தவருக்கு அது கைக்கெட்டாமல் போனது.

அதற்குள் ரூபாயும் சரிந்துவிட்டது. 8,000 டாலர் விலையுள்ள ஒரு சிறு காரை நினைத்துக்கொள்ளுங்கள். டாலர் 200 ரூபாயாக இருந்தபோது அது 16 லட்சம். 2022 நெருக்கடியில் 360ஐத் தொட்டபோது கிட்டத்தட்ட 29 லட்சம். பிறகு 300 அளவுக்கு வந்தபோது 24 லட்சம். இனி, 2025இல் கதவு திறந்தபோது இருந்த வரி. சுங்கத் தீர்வை 20 விழுக்காடு. கதவு திறந்த அன்றே அந்தத் தீர்வையின் மேல் 50 விழுக்காடு மிகைவரி. ஆக 30 விழுக்காடு, 7 லட்சத்து 20 ஆயிரம். அடுத்து எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி. பெரும் சுமை இதுதான். விலை கூடிய கார் என்றால் சொகுசு வரி. கடைசியாக, காரின் விலையோடு தீர்வையும் உற்பத்தி வரியும் சேர்ந்த தொகையின் மேல் 18 விழுக்காடு பெறுமதி சேர் வரி. வரிக்கும் வரி. ரூபாய் சரிந்தால் விழுக்காட்டில் போடும் வரிகளும் தாமாகவே ஏறிவிடும், அரசாணைகூடத் தேவையில்லை.

சிங்கப்பூரும் இலங்கையும் இரண்டுமே காருக்கு மலைக்க வைக்கும் விலை வைக்கும் நாடுகள். ஆனால் சிங்கப்பூரில் கார் வாங்க முடியாதவர் குளிரூட்டிய ரயிலில் ஏறுகிறார். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ கார் வாங்க முடியாதவர், பிதுங்கி வழியும் பேருந்தில் தொங்குகிறார், அல்லது மனைவியையும் இரு பிள்ளைகளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொள்கிறார். நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து லட்சத்துக்கும் மேல். அது மக்களின் விருப்பத்தைக் காட்டும் எண் என்று நான் நம்பவில்லை. அதைவிடக் கசப்பானது வரிச்சலுகை பெர்மிட். சாதாரணக் குடும்பம் முழு வரியையும் சுமக்க, நாடாளுமன்ற உறுப்பினர்களும் உயர் அதிகாரிகளும் பல பத்தாண்டுகள் சலுகை வரியில் வாகனம் இறக்கினார்கள். அந்தப் பெர்மிட்டுகள் கைமாறி விற்கவும்பட்டன. டாலர் தட்டுப்பாடு எல்லாருக்கும் பொதுவானது என்றால் வரியும் பொதுவாக இருந்திருக்க வேண்டும்.

கொழும்பு இப்போது இரண்டு பக்கமும் இழுபடுகிறது. சர்வதேச நாணய நிதியத்துக்குக் கொடுத்த வாக்கின்படி அரசு வருமானத்தை ஏற்ற வேண்டும். வாகன வரிதான் விரைவாகப் பணம் தரும் ஊற்று. வாகனங்கள் அதிகம் வந்தால் கருவூலம் நிறையும், ஆனால் டாலர் வெளியே போகும். வாகனங்களைத் தடுத்தால் டாலர் தங்கும், கருவூலம் காயும். வரி விகிதத்தைத் தீர்மானிக்கும் மேசையில் இந்த இரண்டு கணக்குகளும் இருக்கின்றன. வவுனியாப் பேருந்தின் கணக்கும் அந்த மேசைக்கு வர வேண்டும். காரிலிருந்து வசூலாகும் பணத்தில் இத்தனை பங்கு பேருந்துக்கும் ரயிலுக்கும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தால், அந்த விலையைக் கொடுக்க முடியாதவர்களுக்கும் அதில் ஒரு பயன் கிடைக்கும்.